தவிட்டுக்கு வாங்கிய பெயர்

"கண்ண மூடிக்கிட்டு இருங்கம்மா. நான் சொல்லுத வரைக்கும் தொறக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு நர்ஸ் அடுத்த ஆளின் தாடையைத் தூக்கப் போய்விட்டாள். மூடிக்கொண்டுதான் இருக்கிறேன். எரிகிறது. வெங்காயம் உரித்தால் எரிவது வேறு, அது மூக்கோடு போய்விடும், இது உள்ளே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு எரிகிறது. இந்தச் சொட்டு மருந்தை இன்னும் கொஞ்சம் பொறுத்து ஊற்றியிருந்தால் இவளுக்கு என்ன குறைந்துபோயிருக்கும், நான் உலகம்மைக்குப் பதில் போட்டிருப்பேன். "இ" என்று ஒரு எழுத்து அடித்தேன், இல்லை என்று சொல்லத்தான், அதற்குள் "நிமிந்து பாருங்க" என்று தலையைப் பின்னால் சாய்த்துவிட்டாள். போன் மடியில் கிடக்கிறது. அந்த ஒற்றை எழுத்து போய்ச் சேர்ந்ததா, அங்கேயே நிற்கிறதா, அதுவும் தெரியாது. மகள் எழுதியிருப்பது ஒரே வரி. "என் பேர வித்துட்டியாம்மா?" நல்லா இருக்கியா என்று இல்லை, சாப்பிட்டியா என்று இல்லை. பெங்களூருக்குப் போனவள், இரண்டு தீபாவளி போய்விட்டது, ஒரு போன் கிடையாது, இன்றைக்குத்தான் வாய் திறந்திருக்கிறாள், திறந்ததும் விசாரணை. வித்துட்டியாவாம். நான் ஆவுடைத்தாய், சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிரே பத்திரம் எழுதுகிற கடையில் ஊரார் விற்றதையும் வாங்கியதையும் எழுதியே விரல் காய்த்துப் போனவள், என் கையால் எதையும் விற்றதில்லை. ஒன்றைத் தவிர. அதையும் இவள்தான் ஓயாமல் சொல்லிக் காட்டுவாள்.

விசிறி தலைக்கு மேலே கடகடவென்று சுற்றுகிறது, காற்று மட்டும் வரவில்லை. யாரோ இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்கிறார்கள், கண் ஆஸ்பத்திரியில் இட்லி. பேரை விற்பதாவது. அவள் கேட்பது வெறும் பேரை அல்ல, அவளுடைய பேரில் இருக்கிற வெப்சைட்டை. காலேஜில் படிக்கும்போது படம் வரைந்து வரைந்து குவித்தாள், அதையெல்லாம் உலகம் பார்க்க வேண்டும், அதற்கு இன்டர்நெட்டில் ஒரு இடம் வேண்டும், அந்த இடத்துக்கு உலகம்மை என்றே பேர் வேண்டும் என்று நின்றாள். அவளிடம் அப்போது கார்டு இல்லை. என் கார்டில், என் பேரில் வாங்கிக் கொடுத்தேன். இடத்தைப் பதிவு செய்கிற மாதிரிதான் அதுவும், ஒரு வித்தியாசம், வருஷா வருஷம் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும், மறந்தால் போய்விடும். சண்டை போட்டுவிட்டு அவள் போன பிறகும் கட்டிக்கொண்டுதான் வருகிறேன். அவளிடம் சொன்னதில்லை. ஏன் சொல்ல வேண்டும், ரோஷம் அவளுக்கு மட்டும்தானா, நானும் உப்புப் போட்டுத்தான் சாப்பிடுகிறேன். ஒரு மாப்பிள்ளையை வந்து பார்த்துவிட்டுப் போ என்றேன், பார், பிடிக்கவில்லையென்றால் விடு என்றேன், அதற்கு அவள் சொன்ன பேச்சு இருக்கிறதே, "பொறந்தவொடனே வித்தவதான நீ, இப்பவும் வெல பேசுத" என்றாள். அடுத்த நாள் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள், நான் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. ஆனால் தினமும் காலையில் காபியை வைத்துக்கொண்டு அந்த இடத்துக்குப் போய்ப் பார்ப்பேன். புதுப் படம் வந்திருந்தால் பிள்ளை நன்றாக இருக்கிறாள். வராவிட்டால் காய்ச்சலோ என்னவோ. செருப்பைத் தூக்கிக்கொண்டு பறக்கிற காக்கா, மழையில் நனைகிற தபால் பெட்டி, குழந்தைகள் புத்தகத்துக்கு வரைகிறாளாம். பதிப்பகக்காரர்கள் அந்த இடத்தைப் பார்த்துத்தான் வேலை கொடுக்கிறார்கள் என்று நினைக்கிறேன். அந்த இடம் போனால் அவள் பிழைப்புக்கும் கேடு, எனக்கு அவள் முகம் பார்க்கிற ஜன்னலும் போச்சு.

"எந்தக் கண்ணுக்கு வந்திருக்கிய?" என்று பக்கத்தில் இருந்து ஒரு குரல். ரெண்டுக்கும்தான் என்றேன். "எனக்கு வலது. புரை விழுந்திருக்காம். பசுவந்தனையிலருந்து முதல் பஸ்சுக்கு வந்தேன். மருமவ கொண்டுவந்து விட்டுட்டு டீ குடிக்கப் போயிருக்கா. ஒங்க கூட யாரு?" யாருமில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. வருவாங்க என்றேன். பசுவந்தனைக்காரியும் கண்ணை மூடிக்கொண்டுதான் இருப்பாள், இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமலே பேசுகிறோம், நல்லதுதான், முகத்தைப் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவாள். மடியில் போன் துடித்தது. மெயிலா, அவளா? நேற்று மத்தியானம் இப்படித்தான் துடித்தது, அப்போது ஆரம்பித்த வினை. சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடிக்கொண்டிருந்தேன். யாரோ ஊர் பேர் தெரியாத ஒருத்தன் இங்கிலீஷில் எழுதியிருக்கிறான். செல்வராணியிடம் நீட்டினேன், எங்கள் கடையில் கம்ப்யூட்டரில் அடிக்கிறவள் அவள்தான். படித்துவிட்டு, "யக்கா, ஒங்க மக பேருல இருக்குத வெப்சைட்ட விக்கப் போறியளா? வெல கூடுதலா இருக்கு, கொறச்சுத் தருவியளான்னு கேக்கான்" என்றாள். நான் என்னத்தை விற்கப் போகிறேன். தேடிப் பார்த்தாள். இருந்தது. வெப்சைட் பேர்களை வாங்கி விற்கிற ஏதோ ஒரு சந்தை, ஆயிரக்கணக்கில் பேர்கள், நடுவில் என் மகள் பேர், பக்கத்தில் ஒரு விலை, கீழே விற்பனைக்கு என்று பச்சைக் கட்டம். எவனோ ஒருத்தன் போட்டிருக்கிறான். அவனிடம் ஒன்றும் கிடையாது, சாவி கிடையாது, பதிவு கிடையாது. சில சந்தைகளில் யார் எதை விலைக்குப் போட்டாலும் உன்னுடையதா என்று கேட்க மாட்டார்களாம், யாராவது ஏமாந்து காசு கொடுத்தால் லாபம், ஏமாறாவிட்டால் நஷ்டமில்லை. அடுத்தவன் மாட்டைப் பிடித்துக்கொண்டு துண்டுக்குள் விரலை விட்டு விலை பேசுகிறவன் மாதிரி. நான் பார்க்காததா. ஊரில் இல்லாதவன் நிலத்தை இருக்கிறவன் விற்பான், செத்தவன் கையெழுத்துப் போடுவான், நாங்கள்தான் வில்லங்கம் போட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள் என்று தலைதலையாய் அடித்துக்கொள்வோம்.

செல்வராணி புகார் எழுதினாள். இது எங்களுடையது, நாங்கள் விற்கவில்லை, எடுத்துவிடுங்கள். பதிவு என் பேரில் இருப்பதற்கு அத்தாட்சியையும் சேர்த்து அனுப்பினாள். பரிசீலிக்கிறோம் என்று உடனே பதில் வந்தது, அந்தப் பதிலை மிஷின் போடுகிறதாம். "ஒண்ணும் ஆவாதுக்கா. ஒங்க கையில இருக்குத சாமான அவன் எப்படிக் குடுப்பான்? எடுத்துருவாங்க. ஆனா ஒண்ணு, பயந்துபோயி நீங்க வெல கேட்டுராதிய. கேட்டா அவனுக்குக் கொண்டாட்டம். ஒரு ஆளு இருக்குன்னு தெரிஞ்சா ஏத்திக்கிட்டே போவான்" என்றாள். தெரியும் எனக்கு. அவளைவிட எனக்கு நன்றாகத் தெரியும். தன் வீட்டைத் தானே கிரயம் வாங்குகிறவன் உண்டா? அப்படி ஒருத்தன் கடைக்கு வந்தால் அவன் தலையில் தண்ணீர் ஊற்றித் திருப்பி அனுப்பியிருப்பேன்.

ஆனால் நான் வாங்கியிருக்கிறேனே. என்னுடையதையே வாங்கியிருக்கிறேனே. அதுதான் நேற்று முழுக்க வந்து வந்து முட்டியது. முதலில் ஒன்று, ஆண், பிறந்த அன்றைக்கே போய்விட்டது, முகம் நினைவில்லை, கால் விரல்தான் நினைவிருக்கிறது. அடுத்தது பெண், தலை நிற்கப் பழகுவதற்கு முன்னால் ஒரு காய்ச்சல். மூன்றாவது இவள். பிறந்ததும் பக்கத்து வீட்டுச் சீனியக்கா வந்துவிட்டாள், "இது ஒனக்குத் தங்காது ஆவுடை, எனக்குக் குடுத்துரு" என்று. எமன் என் வீட்டில்தானே தேடுவான், இது என் பிள்ளை இல்லையென்று ஆகிவிட்டால் திரும்பிப் போய்விடுவானாம். முறத்தில் தவிட்டைப் பரப்பிக்கொண்டு வந்தாள். தவிட்டை நான் வாங்கிக்கொண்டேன், பிள்ளையை அவள் வாங்கிக்கொண்டாள். ஊரில் எல்லாப் பிள்ளையையும் உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம் என்று கேலி பண்ணுவார்கள், இவளுக்கு மட்டும் அது நிஜம். பாலூட்டியது நான், தூக்கி வைத்துக்கொண்டது நான், யாராவது கேட்டால் சீனியக்கா பிள்ளை என்று சொல்ல வேண்டும். சொன்னேன். பால் சுரக்கச் சுரக்கச் சொன்னேன். காதுகுத்து அன்றைக்கு மறுபடி ஒரு முறம் தவிட்டைக் கொடுத்து மீட்டேன். என் பிள்ளையை ஏன் நான் விலை கொடுத்து வாங்க வேண்டும் என்று அன்றைக்கு நான் சட்டம் பேசவில்லை. சீனியக்கா தவிட்டை அளந்து பார்த்துவிட்டு, "இம்புட்டுத்தானா, எம் பிள்ளைக்கு இது காணாதே" என்று சிரித்துக்கொண்டே இன்னும் கேட்டாள், நான் அழுதுகொண்டே இன்னும் கொட்டினேன். அவளுக்கு உலகம்மை என்று பேர் வைத்தாலும் எனக்கும் சீனியக்காவுக்கும் அவள் தவிடுதான். ஏ தவிடு, பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு. ஏ தவிடு, சோறு ஆறுது. சீனியக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டாள், இப்போது அப்படிக் கூப்பிட நான் ஒருத்திதான், எனக்கும் கூப்பிட ஆள் இல்லை.

இன்றைக்குக் காலையில் பால் பொங்குவதற்குள் அந்தப் பச்சைக் கட்டத்தை அமுக்கிவிட்டேன். அமுக்குகிற கை என் கைதான், அமுக்காதே என்கிற புத்தியும் என் புத்திதான், கை ஜெயித்துவிட்டது. புகாரைப் பரிசீலிக்கட்டும், நல்லது, பரிசீலிக்கிற நேரத்தில் எவனாவது வாங்கிக்கொண்டு போய்விட்டால்? போக முடியாது என்று தெரியும். போய்விட்டால்? பிள்ளை சந்தையில் நிற்கும்போது பத்திரம் என்னிடம் இருக்கிறது என்று வீட்டில் உட்கார்ந்திருப்பாளா ஒருத்தி? பேர் கேட்ட கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு ஒரு தொகை போட்டேன். எவ்வளவு என்று கேட்காதீர்கள், செல்வராணிக்குத் தெரிந்தால் என்னைப் பைத்தியம் என்பாள். காபி ஆறுவதற்குள் போன் துடித்தது, உன்னைவிடக் கூடுதலாக ஒருவர் கேட்டிருக்கிறார். யார் அவன்? தொகைதான் பெரிதாகத் தெரிந்தது, அதன் கீழே பொடி எழுத்தில் என்னமோ இருந்தது, பொடி எழுத்துத் தெரிந்தால் நான் ஏன் இங்கே வருகிறேன். நானும் ஏற்றினேன். அவனும் ஏற்றினான். ஆட்டோவில் வரும்போது குலுக்கலில் தப்பான எண் விழுந்துவிடக் கூடாதே என்று போனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு மறுபடி ஏற்றினேன். விடாக்கண்டன். என் மகள் பேரை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான், சோப்பு விற்பானா, செருப்பு விற்பானா? இல்லை, போட்ட திருடனே இன்னொரு பேரில் வந்து ஏற்றிவிடுகிறானோ? அப்படியும் செய்வார்களாம். ஏலத்தில் நிற்கிற வெறி எனக்கும் வந்துவிட்டது, வெட்கமாக இருக்கிறது. ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதி உட்கார்ந்ததும் மறுபடி துடித்தது, அவன்தான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்தால், அவன் இல்லை, உலகம்மை. என் பேர வித்துட்டியாம்மா.

யாரோ அவளிடம் காட்டியிருப்பார்கள். பதிவு என் பேரில் இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும், வேறு யாரை நினைப்பாள்? கோபத்தில் அம்மா விற்றுவிட்டாள். ஒரு தடவை விற்றவள் இன்னொரு தடவை விற்க மாட்டாளா. நான் என்ன சொன்னாலும் இனி எடுபடுமா? இல்லை என்றால் பொய் என்பாள். புகார் கொடுத்ததைக் காட்டலாம். விலை கேட்டதையும் காட்ட வேண்டிவரும், நீ விற்காவிட்டால் ஏன் வாங்குகிறாய் என்பாள், அதற்கு நான் என்ன பதில் சொல்வேன், தவிட்டுக் கதையையா சொல்வேன், அதைத்தானே அவளுக்குக் கேட்கவே பிடிக்காது. எரிச்சல் குறைந்துவிட்டது, இப்போது கண்ணுக்குள் மஞ்சளாக ஏதோ நீந்துகிறது. டாக்டர் என்ன சொல்வாரோ. அவள் வரைகிற படங்களில் எல்லாம் ஓரத்தில் ஒரு பொம்பளை வருவாள், சின்னதாக, பச்சைச் சேலை, கையில் ஒரு பழுப்புப் பை. காக்கா பறக்கிற தெருவிலும் அவள் நிற்பாள், தபால் பெட்டி பக்கத்திலும் நிற்பாள். என் ஆபீஸ் பை பழுப்புத்தான். வாய் மூடாத பை, நான் ஊக்குக் குத்தி வைத்திருக்கிறேன். படத்தில் ஊக்கு இருக்கிறதா என்று எத்தனை நாள் போனைக் கண்ணோடு ஒட்டிப் பார்த்திருக்கிறேன், மங்கலாகவே இருக்கிறது. கண் சரியானால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். அதற்குள் அந்தப் படங்களே இல்லாமல் போய்விட்டால் இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு நான் எதைப் பார்ப்பது. பயமாக இருக்கிறது. ஊமை மாதிரி உட்கார்ந்திருக்கிறேன், பிள்ளை கேட்ட கேள்வி மடியில் கிடக்கிறது, பதில் சொல்லாத ஒவ்வொரு நிமிஷமும் ஆமாம் என்று சொல்கிற மாதிரி ஆகிறது. போன் துடித்தது. உடனே இன்னொரு தடவை.

"தாயி, ஒங்க போனு கத்திக்கிட்டே இருக்கே" என்றாள் பசுவந்தனைக்காரி. செருப்புச் சத்தம் வந்தது, நர்ஸ்தான். "இன்னொரு சொட்டு விடணும், அசையாதிய." சேலை முந்தானையைப் பிடிப்பது மாதிரி அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். யம்மா, ஒனக்குப் புண்ணியமாப் போவும், இதுல என்ன வந்திருக்குன்னு மட்டும் படிச்சுச் சொல்லு, என்னக் கண்ண மூடச் சொல்லிட்டிய என்றேன். அவள் அவசரத்தில் இருந்தாள், என் குரலைக் கேட்டுவிட்டு நின்றாள். என் பெருவிரலை எடுத்துப் போனில் வைத்தாள்.

"மெயிலு வந்திருக்கும்மா. ஒங்களவிடக் கூடுதலா ஒருத்தர் கேட்டிருக்காங்களாம். கேட்டவங்க பேரு..." எழுத்துக் கூட்டினாள். "தவிடு. என்னம்மா இது, தவிடுன்னா போட்டிருக்கு? இப்படியும் ஒரு பேரா?"

பசுவந்தனைக்காரி சிரித்தாள். மறுபடி படிம்மா என்றேன். மறுபடி படித்தாள். தவிடுதான். இந்த உலகத்தில் அந்தப் பேரை அறிந்தவர்கள் இரண்டே பேர், ஒருத்தி இங்கே கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். யம்மா, போன்ல அந்தப் பேருக்கு ஒரு நம்பர் இருக்கும், போட்டுக் குடு என்றேன். "அதே பேரா? ஆமா, இருக்கு" என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டே போட்டுக் காதில் வைத்தாள். ஒரு மணிதான் அடித்தது.

"ஏ தவிடு" என்றேன்.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "வித்துட்டல்ல? சரி, வித்துக்கோ. நான் வாங்கிக்கிடுதேன். பேரே போடாத எவனோ ஒருத்தன் காலையிலருந்து விடாம ஏத்திக்கிட்டே இருக்கான், எங்கிட்ட இருக்கதெல்லாம் போட்டாச்சு. அவங்கிட்ட மட்டும் வித்துராதம்மா."

"அவன் இல்லட்டி. நான்தான்."

"என்னது?"

"ஏத்துனது நான்தான். காலையில பால் அடுப்புல இருக்கும்போதுலருந்து நான்தான் ஏத்துதேன். வித்தவன் எவனோ களவாணிப்பய. பதிவு எங்கிட்ட பத்திரமா இருக்கு, புகார் குடுத்திருக்கேன். விக்குதவ எதுக்குட்டி வாங்கப் போறா?"

என்னென்னவோ சொன்னேன், தவிட்டை அளந்து கேட்ட சீனியக்காவைச் சொன்னேன், காணாது காணாது என்று அவள் சிரித்ததைச் சொன்னேன். நர்ஸ் என் கன்னத்தைப் பஞ்சால் ஒற்றினாள். "அழாதியம்மா, மருந்தெல்லாம் வெளிய போவுது. மறுபடி மொதல்லருந்து ஊத்தணும்." ஊத்துங்க என்றேன்.

"யாரும்மா அது? என்னத்த ஊத்துதாங்க? எங்க இருக்க நீ?"

"கண்ணாஸ்பத்திரில."

"யாரு கூட?"

"வருவாங்க" என்றேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. என் பிள்ளைக்குப் புரியாமல் இருக்குமா.

"சரி, நம்ம ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டு அந்தக் களவாணிக்குக் காசு ஏத்திக்கிட்டு இருக்கோம். நீ நிறுத்தும்மா மொதல்ல" என்றாள். குரலில் அதே பிடிவாதம், அன்றைக்குப் பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றபோது இருந்த அதே பிடிவாதம், நான் கூப்பிடுவேனா என்று நின்றாள், நான் அடுப்படியில் அவள் திரும்புவாளா என்று நின்றேன். "நீ நிறுத்துனாத்தான் நான் நிறுத்துவேன்."

"சரிட்டி. நான் நிறுத்திட்டேன்" என்றேன்.

நர்ஸ் தாடையைத் தூக்கினாள். சொட்டு விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டேன்.

"போன வச்சிராதம்மா" என்றாள் அவள். "நீ வீட்டுக்கு ஆட்டோவுல ஏறுத வரைக்கும் வைக்காத."